நாற்றம் நின்ற வாரம்

வியட்நாமில், சைகோனை அடுத்த குச்சி என்ற ஊர்ப் பக்கம் அந்தத் தோல் தொழிற்சாலைக்கு வழி கேட்டால் யாரும் இடது, வலது என்று சொல்ல மாட்டார்கள். நேராகப் போய்க்கொண்டே இரு, எந்த இடத்தில் மூக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறதோ அங்கே வண்டியை நிறுத்து என்பார்கள். மாட்டுத்தோலும் உப்பும் சுண்ணாம்பும் ஊறின கொழுப்பும் சேர்ந்து கிளப்பும் நாற்றம் அது. நெல்வயலைத் தாண்டி, பன்றிக்கொட்டிலைத் தாண்டி, அந்தப் பன்றிகளே முகம் சுளிக்கும்படி பெருஞ்சாலை வரைக்கும் போய் நிற்கும். சைகோனுக்குப் பேருந்து பிடிக்க நிற்கிறவர்கள் அதை வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள்.

அப்பேர்ப்பட்ட நாற்றம் ஒரு திங்கட்கிழமை காலையில் இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவள் வாசலுக்கு எதிரே ஹு தியூ விற்கிற ஹோங். நூடுல்ஸும் பன்றி எலும்புச் சாறும் விற்கிறவள். இந்த நாற்றத்தில் மனுஷன் சாப்பிட முடியுமா என்று ஊரைக் கூட்டி, கையெழுத்து வாங்கி, மூன்று முறை அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தவளும் அவளே. அவள்தான் அன்றைக்குக் கரண்டியோடு வாசலைக் கடந்து வந்து, சமையற்கட்டு ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"சீ ஹாய், என்ன ஆச்சு? ஏன் நாறல?"

எல்லோரும் சீ ஹாய் என்று கூப்பிடும் தொழிற்சாலைச் சமையற்காரி பொலேத், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உன் மனுவ இப்பத்தான் படிச்சாங்களாம். சந்தோஷமா?"

"வெளையாடாத. தோல் வரலையா? ஆளுங்க வருவாங்கல்ல? நான் ரெண்டு பானை சாறு வெச்சிட்டேன்."

"இத்தன வருஷம் மூக்கப் பொத்திக்கிட்டே வித்த. இப்ப மூக்கத் தொறந்துகிட்டு அழுவுற."

ஹோங் கரண்டியை ஆட்டித் திட்டிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு பொலேத் கத்தியைக் கீழே வைத்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். நெற்பயிர் வாசம் வந்தது. ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

பொலேத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. காரைக்கால்காரி என்று சொல்லிக்கொள்வாளே தவிர, காரைக்காலைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா அகுஸ்தேன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜானாக, அதாவது சார்ஜெண்டாக, இருந்தவர். எழுபத்தைந்தில் சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியபோது, மற்ற காரைக்கால்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்கு விமானம் ஏறினார்கள். அகுஸ்தேனும் ஏறியிருப்பார். பொலேத் ஒரு வியட்நாமியனோடு ஓடிப்போயிருந்தாள். அவளைத் திட்டித் தீர்க்க அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது, அதற்குள் விமானம் போய்விட்டது. அந்த வியட்நாமியன் பிற்பாடு வேறொருத்தியோடு ஓடினான். ஓடுவது அவனுக்குப் பழக்கம். அப்பா இங்கேயே செத்தார். பொலேத் செங்கல் சூளையில் மண் மிதித்தாள், துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்தாள், கடைசியில் மதராஸ் முதலாளி ஒருவர் குச்சியில் தோல் பதனிட வந்தபோது, முதல் லாரியிலிருந்து உப்புத்தோலை இறக்கிய கூட்டத்தில் சேர்ந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு சமையற்கட்டுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்துக்கே அவள்தான் சோறு. வியட்நாமியருக்குப் புளிச்சாறும் வெல்லத்தில் வெந்த மீனும். தமிழர்களுக்குத் தனியாகச் சாம்பார். ஆரம்பத்தில் தமிழர்கள் ஒரு பந்திக்கு இருந்தார்கள். இப்போது சாம்பார் ஒரே ஒரு வாய்க்குத்தான் போகிறது. அந்த வாய் மேலாளர் நல்லசிவத்தினுடையது.

நல்லசிவம் ராணிப்பேட்டையிலிருந்து வந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. நாற்பது வயது. மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் மூன்று பட்டை, யாரையும் நோகடிக்காத குரல். நல்ல மனுஷர்தான். ஊரில் கலவரம் பண்ணுவதற்குக் கெட்டவனாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அவர் பண்ணின காரியம் இதுதான்.

சைகோன் பக்கத்தில் எந்தக் கடைக்கு, எந்தப் பட்டறைக்குப் போனாலும் வாசலைப் பார்த்தபடி தரையில் ஒரு சின்ன மாடம் இருக்கும். அதற்குள் ஓங் டியா உட்கார்ந்திருப்பார். பூமிச் சாமி. பெரிய தொப்பை, திறந்த சட்டை, கையில் விசிறி, காது வரைக்கும் சிரிப்பு. இந்தச் சாமிக்கு ஆசாரம் கிடையாது. கறுப்புக் காப்பி குடிப்பார், சிகரெட் பிடிப்பார், வாழைப்பழம் தின்பார். வண்டிச் சாவி தொலைந்தால் கண்டுபிடித்துத் தருவார், வியாபாரத்தை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார். தொழிற்சாலை வாசலில் ஆள்கள் செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் அவர் அப்படியே ஆரம்பத்திலிருந்து உட்கார்ந்திருந்தார். முந்தைய மேலாளர் ஏகப்பன், காலையில் வந்ததும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துப் பாதியைத் தான் இழுத்துவிட்டு மீதியைச் சாமி முன்னால் செருகுவார். இரண்டு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

நல்லசிவம் வந்த முதல் நாளே பதறிப்போனார். சாமி தரையில்! ரப்பர் பூட்ஸுக்கும் அறுந்த செருப்புக்கும் நடுவில்! ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. தச்சனைக் கூப்பிட்டு ஆபீஸ் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே தேக்குப் பலகை அடித்து, ஓங் டியாவைக் குளிப்பாட்டி, சந்தனம் வைத்து, தொப்பையில் திருநீறு பூசி, முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஏற்றி உட்காரவைத்தார். சிகரெட்டை நிறுத்திவிட்டுக் கற்கண்டு வைத்தார். தன் கையால் ஒரு புண்ணியம் செய்த களிப்பில் அன்றைக்கு இரண்டு கரண்டி சாம்பார் கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆள்கள் வந்து வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பூமிச் சாமி பூமியை விட்டு மேலே போய்விட்டார். அங்கிருந்து பார்த்தால் அவருக்கு வாசலே தெரியாது. எதிர்ச் சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவிதான் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேலாளருக்கு வியட்நாம் பேச்சு வராது. பொலேத்தோ அன்று பார்த்துச் சாம்பாரை இறக்கிவைத்த கையோடு காய்ச்சலில் போய்ப் படுத்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து தோல் வாங்குகிறவன், இப்போதைக்கு வேண்டாம் என்றான். அடுத்த வாரம் பச்சைத்தோல் லாரி ஒன்றுதான் வந்தது. அதற்கடுத்த வாரம் அதுவும் இல்லை. அப்புறம்தான் அந்தத் திங்கட்கிழமை.

மூடப்போகிறார்களா, இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதபோது மனுஷர்கள் சும்மா இருப்பார்களா? கண்ணில் பட்டதையெல்லாம் வைத்துக் குறி பார்த்தார்கள். கக்கூஸுக்குப் புது வாளி வாங்கினார்கள், அப்படியென்றால் மூடமாட்டார்கள். வாளி சின்னது, அப்படியென்றால் மூடுவார்கள். மேலாளர் முடி வெட்டிக்கொண்டார், ஊருக்குப் போகிறார். மேலாளர் துணி காயப்போட்டிருக்கிறார், போகவில்லை. காலியாகச் சுற்றும் மர உருளைகளுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு நாள் முழுக்க இதே பேச்சு. தோல் ஊறப்போடும் அந்த உருளைகள் ஒவ்வொன்றும் ஒரு அறை அகலம் இருக்கும். வேலை இல்லாவிட்டாலும் மரம் காய்ந்து வெடித்துவிடக் கூடாதே என்று வெறும் தண்ணீரை ஊற்றிச் சுற்றவிட்டார்கள். வேலை நடக்கிற மாதிரி ஒரு சத்தமும் கிடைத்தது.

பொலேத்துக்குக் குறி பார்க்க அவகாசம் இல்லை. வியாழக்கிழமைக்குள் அவள் ஒருவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த ஒருவன் மெய்யப்பன். செட்டிநாட்டுக்காரன், சைகோனை ஒட்டிய பூ மி ஹங்கில் புதிதாக உணவகம் திறந்திருக்கிறான். அந்த ஊரே ஒரு தினுசு. சதுப்பு நிலத்தை மூடி அடுக்கு மாடிகளாகக் கட்டி, நடைபாதையைக் கழுவித் துடைத்து, கொரியாக்காரர்களையும் வெள்ளைக்காரர்களையும் இந்தியக் கணினிக்காரர்களையும் குடிவைத்த ஊர். அங்கே நாய்கூடக் காலணி போட்டுக்கொண்டு நடக்கிறது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை பொலேத் ஒரு நாள் சமைத்துக்காட்டப் போயிருந்தாள். தலையில் வெள்ளைக் குல்லாய் மாட்டினார்கள். கையில் ரப்பர் உறை மாட்டினார்கள். மீன் குழம்பு வைத்தாள். சாப்பிட்டவர்கள் எழுந்து வந்து கும்பிட்டார்கள். மெய்யப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"ஆச்சி, கைப்பக்குவம் அப்படியே எங்க வீட்டுச் சமையல்தான். நீங்க வந்துருங்க. ஆனா ஒண்ணு ஆச்சி, சத்தம் மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கணும். அடுப்படியில நீங்க திட்டுறது வெளிய மேசை வரைக்கும் கேக்குது."

"நா ஆச்சி இல்லெ. பொலேத். நா யாரையும் திட்டலெ, பேசுனேன்."

"பேசுறதே அப்படியா ஆச்சி? சரி சரி. வியாழக்கிழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லிப்புடுங்க. இல்லாட்டி திருச்சியிலேருந்து ஒரு ஆள வரச் சொல்லணும்."

போகவும் மனசில்லை. தோல் பட்டறையில் எண்பது ஆம்பளைகள் அவள் கத்தலுக்குப் பயந்து வரிசையில் நின்று தட்டை நீட்டுவார்கள். அந்த ராஜ்ஜியத்தை விட்டுவிட்டு ரப்பர் உறைக்குள் கையை விட வேண்டும். பட்டறை நிற்கும் என்றால் அவள் எங்கும் போகமாட்டாள். நிற்காது என்றால், இந்த வயதில், இந்த இடுப்போடு, இன்னொரு மெய்யப்பன் வரமாட்டான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உருளை மேஸ்திரி தூ நாலைந்து பேரோடு சமையற்கட்டுக்கு வந்தான். வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவன். தெற்கு வியட்நாமில் மூத்த பிள்ளைக்கே இரண்டு என்று பெயர் வைத்துத் தொடங்குவதால் இவனுக்கு தூ, அதாவது நாலு, என்று பெயர். அந்தக் கணக்குப்படிதான் பொலேத் அவர்களுக்கு சீ ஹாய், இரண்டாம் அக்கா, அதாவது மூத்த அக்கா.

"சீ ஹாய், மேலாளர்கிட்டச் சொல்லு. ஓங் டியாவக் கீழ இறக்கணும். இல்லேன்னா நாங்களே இறக்குவோம்."

"இறக்குனா ஐரோப்பாக்காரன் போன் பண்ணுவானா?"

"மேல ஏத்துனதும் நிறுத்துனானே! அத என்னன்னு சொல்ற?"

பொலேத் கையைத் துடைத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் நடந்தாள். அவளும் ஞாயிறு தவறாமல் மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கிறவள்தான். வண்டிச் சாவி தொலைந்தபோது மாதாவைத் தொந்தரவு பண்ணாமல் ஓங் டியாவிடம் வாழைப்பழம் நேர்ந்துகொண்டவளும்தான்.

நல்லசிவம் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா சொல்றீங்க? சாமிய எடுத்து செருப்புக்கிட்ட வெக்கச் சொல்றீங்களா? எங்கம்மா கேட்டா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

"உங்கம்மாவ யாரு கேட்டா? உங்க முருகன் எங்க நிக்கிறாரு?"

"மலை மேல."

"அவரத் தூக்கியாந்து பள்ளத்துல வெச்சா சும்மா இருப்பியளா?"

"அது எப்படிம்மா?"

"அதான் சொல்றேன். மலைச் சாமியப் பள்ளத்துல வெச்சா அவருக்கு அவமானம். பூமிச் சாமிய மலையில ஏத்துனா இவருக்கு அவமானம். மூணு வாரமா அந்த மனுஷன் ஒரு சிகரெட்டு இல்லாம, வாசலு தெரியாம, கற்கண்ட நக்கிக்கிட்டு ஒக்காந்துருக்காரு. ஒங்கள அப்படி ஒக்கார வெச்சா யாவாரத்தக் கூப்புடுவியளா?"

நல்லசிவம் சுவரைப் பார்த்தார். ஓங் டியா தீயணைப்புக் கருவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் கொஞ்சம் கடுப்பு இருக்கிற மாதிரிதான் இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணேன்."

"அத அவருகிட்டயே சொல்லுங்க. ஏணியப் புடிக்க ஆள் இருக்கு."

சாமி இறங்கினார். நல்லசிவம் தன் கையாலேயே இறக்கினார். ஆனால் திருநீற்றைத் துடைக்க மனம் வரவில்லை. தொப்பையில் பட்டையோடு பழைய இடத்தில், ரப்பர் பூட்ஸுகளுக்கு நடுவில் ஓங் டியா மறுபடி உட்கார்ந்தார். தூ கறுப்புக் காப்பி வைத்தான். ஒருவன் வாத்து வறுவல் வைத்தான். அடுத்தடுத்து மூன்று சிகரெட் புகைந்தது. நல்லசிவம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் அவரும் இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சுக்குங்க" என்றார், தமிழில்.

மறுநாள் புதன்கிழமை காலையில் வாசலில் லாரிச் சத்தம் கேட்டது.

எண்பது பேரும் ஓடினார்கள். ஹோங் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். பொலேத் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தூ ஓங் டியாவின் தொப்பையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கேட்டைத் திறந்தான். லாரி உள்ளே வந்தது. பின்பக்கம் காலி. ஓட்டுநர் இறங்கி, கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்து, தோல் அடுக்கும் பளு தூக்கி எங்கே இருக்கிறது என்று கேட்டான். அது வாடகை வண்டி. திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார்கள்.

எடுத்துக்கொண்டு போனான். போகும்போது ஒரு வாழைப்பழத்தையும் சாமி முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போனான்.

"சாப்புட்டு, குடிச்சு, ஊதித் தள்ளி, கடைசியில இதுதான் செஞ்சாரா?" என்றான் ஒருவன்.

"முதல்ல கோவம் தணியணும்ல" என்றான் தூ. ஆனால் அவன் குரலே அவனை நம்பவில்லை. பொலேத்தை ஓரமாகக் கூப்பிட்டான். "சீ ஹாய், பக்கத்து ஊர்ல செருப்புக் கம்பெனிக்காரன் பத்துப் பேரோட வரச் சொல்றான். நாளைக்குள்ள பதில் சொல்லணும். அங்க புது ஆளாத்தான் சேரணும், இங்க போட்ட வருஷம் எல்லாம் தண்ணியிலதான். நீ போகச் சொன்னாப் போறேன். இருக்கச் சொன்னா இருக்கேன்."

"நா யாருடா சொல்றதுக்கு?"

"நீதான் அவங்க பாஷை பேசுற. ஒனக்குத் தெரியாமயா இருக்கும்?"

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். எண்பது பேரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. கக்கூஸ் வாளி, மேலாளர் முடி, ஓங் டியா எல்லாம் போய், இப்போது அவள்தான் குறி. அவள் புளிச்சாற்றில் உப்புக் கூடினால்கூட அதற்கு ஓர் அர்த்தம் வைத்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் நல்லசிவத்துக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, மூடுறாங்களா?"

இதற்குமுன் அவள் அவரைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, தற்காலிகம்தான்" என்றார்.

"நா சமையக்காரி. வெந்துதா வேவலியான்னு பாத்தாலே தெரியும். சொல்லுங்க."

பிசைந்த கை நின்றது. "எனக்கே தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. பத்து நாளா மெட்ராஸ் ஆபீஸ்ல யாரும் போன எடுக்கல. எடுத்தா, மீட்டிங்ல இருக்காருங்கறாங்க. கடைசியாப் பேசினப்ப ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாங்க. யாரும் கலைஞ்சு போகாமப் பாத்துக்கோ, மத்தது அப்பறம் சொல்றோம்னு."

"அப்பறம்னா?"

"அதான் தெரியலேங்கறேன்ல!" முதல் முறையாகக் குரலை உயர்த்தினார், உடனே தாழ்த்திக்கொண்டார். "ராணிப்பேட்டையில என் சீட்ல வேற ஆள் உக்காந்தாச்சு. பொண்டாட்டி தெனமும் கேக்கறா, நாங்க எப்ப அங்க வர்றதுன்னு. வீடு பாத்துட்டேன்னு சொல்லிட்டேன். எங்க பாத்தேன்? இந்தச் சுவத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"மோன் தியூ, கடவுளே" என்றாள் பொலேத், அப்பாவின் பிரெஞ்சில். அவளுக்குக் கோபமாக வந்தது. ஆனால் யார் மேல் பாய்வது என்று தெரியாமல் அந்தக் கோபம் சமையற்கட்டையே சுற்றி வந்தது. மோரை எடுத்து அவர் சோற்றில் கேட்காமலே ஊற்றினாள்.

"நாளைக்கு எல்லாரையும் கூப்பிட்டுப் பேசறேன்" என்றார் அவர். "நீங்கதான் வியட்நாம்ல எடுத்துச் சொல்லணும். தைரியமா இருக்கணும் அவங்க. கலைஞ்சு போயிட்டா, நாளைக்கு ஆர்டர் வந்தாக்கூட எடுத்து நடத்த ஆள் இருக்காது. அதுவும் நெஜம்தானே?"

அதுவும் நிஜம்தான். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு முன்னால், உருளைகளை நிறுத்தினார்கள். சத்தம் அடங்கினதும் கொட்டகை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. நல்லசிவம் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்றார். துவைத்துத் தேய்த்த சட்டை. பொலேத் அவருக்குப் பக்கத்தில், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். ஹோங்கூட வந்து கடைசியில் நின்றிருந்தாள். அவளை உள்ளே விட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை.

"அன்பான தொழிலாளத் தோழர்களே" என்று தொடங்கினார் நல்லசிவம். "நமது நிறுவனம் ஒரு குடும்பம். குடும்பத்தில் மேடு பள்ளம் சகஜம். இது ஒரு தற்காலிகமான தேக்கநிலை. தலைமை அலுவலகம் உங்கள் ஒவ்வொருவர் மேலும் முழு அக்கறை வைத்திருக்கிறது. வதந்திகளை நம்ப வேண்டாம். வெகுவிரைவில் நல்ல செய்தி வரும் என்று நான் உறுதி கூறுகிறேன். யாரும் அவசரப்பட்டு வேறு முடிவு எடுக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

நிறுத்தி, பொலேத்தைப் பார்த்தார். எண்பது பேரும் பொலேத்தைப் பார்த்தார்கள். தூ முன்வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் அந்தப் பத்துப் பேர்.

உறுதி கூறுகிறேன் என்பதற்கு வியட்நாம் வார்த்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. இதைச் சொன்னால் தூ போகமாட்டான். அந்தப் பத்துப் பேரும் போகமாட்டார்கள். அடுத்த மாதம் கேட்டில் பூட்டுத் தொங்கினால் அவர்கள் மெட்ராஸைத் திட்டமாட்டார்கள், மெட்ராஸ் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே அவர்களுக்குத் தெரியாது. சீ ஹாய்தானே சொன்னாள் என்பார்கள். சொல்லாவிட்டால் இப்போதே கிளம்புவார்கள். அப்புறம் ஆர்டர் வந்தாலும் பட்டறை எழுந்திருக்காது. அப்படியும் சீ ஹாய்தானே சொன்னாள் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் உதை அவளுக்குத்தான். அப்படியானால் பொய்க்கு எதற்காக உதை வாங்க வேண்டும்?

"இவருக்குத் தெரியலையாம்" என்றாள் வியட்நாம் மொழியில். "மூடுவாங்களா, மூடமாட்டாங்களான்னு இவருக்கே யாரும் சொல்லலையாம். போன் பண்ணாலும் எடுக்கலையாம். நீங்க இருந்தா நல்லதுன்னு கேக்குறாரு. இருந்தா வேலை இருக்கும்னு சொல்ல இவரால முடியாது. அவ்வளவுதான்."

கடைசி வரிசையிலிருந்து ஹோங்தான் முதலில், "ட்ரோய் ஓய், கடவுளே!" என்றாள்.

நல்லசிவம் குனிந்து கிசுகிசுத்தார். "நான் அவ்வளவு பேசினேன். இவ்வளவுதானா?"

"சுருக்கிச் சொன்னேன்."

அவர் ஆள்களின் முகத்தைப் பார்த்தார். நல்ல செய்தி வரும் என்று உறுதி கேட்டவர்களின் முகமாக அது இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியிலிருந்து இறங்கிவிடுவார் என்று நினைத்தாள், இறங்கவில்லை. கையை இரண்டு பக்கமும் விரித்து, தனக்கும் ஒன்றும் தெரியாது என்பதைத் தலையாட்டிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

எல்லோரும் கத்துவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். ஒரு மூலையிலிருந்து ஒருவன் சிரித்தான். "கக்கூஸ் வாளியப் பாத்துக்கிட்டு ரெண்டு வாரம் ஓட்டிட்டோம்டா!" என்றான். அதற்கு நாலு பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் கெட்ட வார்த்தையில் மெட்ராஸைத் திட்டினார்கள். தூ சிரிக்கவில்லை.

"நீ என்ன பண்ணப்போற சீ ஹாய்? அத மொதல்ல சொல்லு."

மறைக்க வழியில்லை. "எனக்கு பூ மி ஹங்ல ஒருத்தன் வேலை தர்றான். இன்னைக்குள்ள சொல்லணும்."

"ஓ! உனக்கு எடம் இருக்கு. அதான் தைரியமா உண்மை பேசுற."

"ஒனக்கும்தான் செருப்புக் கம்பெனி இருக்கு, வாய மூடு. எடம் இருக்குறவங்க ரெண்டு பேருமே என்னடா இப்படி நிக்கிறோம்? எடம் இல்லாதவன் ஒழுங்கா நிக்கிறான் பாரு."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. தெரிந்துகொண்டு முடிவு எடுக்கலாம் என்று நாலு நாளாகக் காத்திருக்கிறாள். தெரிய வேண்டியது இன்றைக்குத் தெரிந்துவிட்டது: தெரியாது என்பது. இதற்கு மேல் ஒன்றும் வராது. முந்தானையில் கையை இன்னொரு முறை துடைத்து, இடுப்பிலிருந்து போனை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் எண்ணை அழுத்தினாள்.

"மெய்யப்பன் தம்பியா? பொலேத். வர்றேன். திங்கக்கெழமையிலேருந்து. குல்லா போட மாட்டேன். கத்துவேன். ஆச்சின்னு கூப்புடக் கூடாது."

அந்தப் பக்கம் மெய்யப்பன் சிரித்தான். "குல்லா சரி. கத்துறதும் சரி, கதவச் சாத்திக்கிடலாம். மூணாவது வராதே ஆச்சி, நாக்கு பழகிப்போச்சே." அப்புறம் இன்னும் என்னவோ சொன்னான். கேட்டுக்கொண்டு, சரி என்று வைத்தாள்.

"போறா" என்றான் தூ, பின்னால் நின்றவர்களிடம். அதில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. மழை வருது என்பதுபோலச் சொன்னான். பிறகு அவனும் அவன் ஆள்களும் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். பத்துப் பேரில் ஆறு பேர் போவது, நாலு பேர் இருந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தூ எந்தப் பக்கம் என்று அவனுக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்புறம் பூட்ஸைக் கழற்றிக் கழுவி, கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"சோறு ஆச்சா சீ ஹாய்? வயித்த நெரப்பிட்டுத்தான் செருப்புக்காரனுக்கு வர்றேன்னு சொல்லணும்."

"அடி பிடிச்சிருக்கும். உங்க கதையக் கேட்டுக்கிட்டு நின்னேன்ல. வரிசையில நில்லு."

சோற்றுப் பானை அடி பிடித்துத்தான் இருந்தது. திட்டிக்கொண்டே மேலாகச் சுரண்டிப் பரிமாறினாள். ஆள்கள் வழக்கத்தைவிட அதிகம் சாப்பிட்டார்கள். போகிறவன், இருக்கிறவன் என்று வித்தியாசம் இல்லாமல் இரண்டாம் முறை தட்டை நீட்டினார்கள். எல்லோரும் போன பிறகு நல்லசிவம் வந்து, வழக்கமான நாற்காலியில் உட்காராமல் அடுப்புப் பக்கத்திலேயே நின்றார். தேய்த்த சட்டையின் கை மடிக்கப்பட்டிருந்தது.

"என்மேல கோவமா தம்பி?" என்றாள்.

"கோவப்படறதுக்கு எனக்கு யாராவது உத்தரவு குடுக்கணும்ல" என்றார். பிறகு, "அந்த மெய்யப்பன், கடைசியில போன்ல வேற ஏதோ சொன்னாரே, என்ன?"

"அதுவா? பாத்திரம் கழுவ ஆள் கெடைக்கலையாம். தமிழ் தெரிஞ்சவனா ஒருத்தன் இருந்தாக் கூட்டியாங்கன்னான்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அடி பிடித்த பானையை எடுத்து, தூக்கிப் பார்த்து, அதன் கனத்தை யோசிப்பவர்போல நின்றார்.

"திங்கக்கெழம காலையில அங்க எத்தன மணிக்கும்மா போகணும்?" என்றார்.